கல்லும் புல்லும்

நிலத்தை அளப்பது எளிது; நிலத்தின் மதிப்பை அளப்பது அரிது. நம் தமிழகத்து வருவாய்த் துறைக் கணக்குகளில் வழங்கும் பெயர்களை நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். நன்செய், புன்செய் என்பன விளையும் நிலத்தின் பெயர்கள். தரிசு, புறம்போக்கு, கல்லாங்குத்து என்பன விளையாத நிலத்தின் பெயர்கள். ஏர் இறங்காத இடமும், தீர்வை விதிக்க இயலாத இடமும் கணக்கில் இவ்வாறு எழுதப்பட்டன. எழுதியவர்மீது குறை காண்பதற்கில்லை. வரி தண்டுவதற்காக ஏற்பட்ட கணக்கு, வரி தருமா தராதா என்றுதான் கேட்கும். ஆனால் கணக்கு ஏட்டில் வசதிக்காக எழுதிய சொல் நாளடைவில் தீர்ப்பாகவே மாறிவிடுகிறது. கல்லாங்குத்து என்றால் ஒன்றுக்கும் உதவாதது. ஒன்றுக்கும் உதவாதது என்றால் எவரும் என்னவும் செய்யலாம் என்று மனம் ஒரே தாவலில் போய்விடுகிறது. கோப்புகளுக்கிடையே வாழ்நாளைக் கழிக்கும் என் போன்றோர்க்கு இத்தாவல் நன்கு பழக்கமானது.

இங்கே ஒரு வினா எழுகிறது. விளைச்சல் தராததும், யாருக்கும் பயன்படாததும், நம்மிடம் எதையும் கேளாததுமாகிய ஓர் உயிருக்கு நம்மீது உரிமை ஏதேனும் உண்டா? இவ்வினாவைப் பாறைமீது வாழும் செடிகொடிகளை முன்வைத்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெற்றுப் பாறை என்று நாம் சொல்கிறோம். உண்மையில் வெற்றுப் பாறை என ஒன்று வெப்ப நாடுகளில் இல்லை எனலாம். திருச்சி மலைக்கோட்டையிலும், செஞ்சிக் குன்றுகளிலும், மதுரையைச் சூழ்ந்த சமணர் மலைகளிலும் மழைநீர் வழிந்த தடங்களில் கரிய கோடுகளைக் கண்டிருப்போம். பலர் அதனை அழுக்கு என்றே கருதுவர். அது அழுக்கன்று, உயிர். நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிர்கள் பாறையின் மேல் பூசினாற்போல் படர்ந்திருக்கும் படலம் அது. அதனருகே சாம்பலும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருப்பவை லைக்கன்கள். பாசியும் பூஞ்சையும் ஒன்றுகூடி ஓருடலாய் வாழும் கூட்டுக் குடும்பம் இது. நம் இல்லத்தரசியர் குழம்பில் மணத்துக்காக இடும் கல்பாசியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

நண்பகலில் திறந்த பாறையின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டிக் கொதிக்கும். பெய்யும் மழை நிற்காது வழிந்தோடிவிடும். மண்ணோ விரற்கடை ஆழமும் இராது. இத்தகைய இடத்திலும் எத்தனை வகைக் குடியிருப்புகள்! பாறையின் சிறு பள்ளங்களில் மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் சுனைகள் உண்டு. அவற்றில் சில வாரங்களுக்குள் முளைத்துப் பூத்து விதையிட்டு மறையும் நீர்ச்செடிகள் உண்டு. நீர் கசியும் சரிவுகளில் விரலளவே வளரும் பூண்டுகள் கம்பளம் விரித்தாற்போல் பூக்கும். அங்கே தழைச்சத்து அரிது. ஆகவே சில செடிகள் பூச்சியைப் பிடித்து உண்ணக் கற்றுக்கொண்டன. இலையில் பனித்துளி போன்ற பசையை ஏந்தி நிற்கும் துரோசெரா அவற்றுள் ஒன்று. சித்த மருத்துவ ஏடுகள் கூறும் அழுகண்ணி இதுவே என்பாரும் உளர். பாறைப் பிளவுகளிலோ சதுரக்கள்ளியும் கிளுவையும் கள்ளிமுளையானும் ஆல் அத்தி இனங்களும் வேரை நுழைத்து நிற்கும்.

இவற்றினும் வியப்புக்குரியவை உயிர்த்தெழும் செடிகள். பிற செடிகள் உடலிலுள்ள நீரில் ஒரு பகுதியை இழந்தாலே மடிந்துவிடும். இவையோ ஏறத்தாழ முழு நீரையும் இழந்து, தொட்டால் நொறுங்கும் சருகாகிக் கிடக்கும். மழை வந்த ஒன்றிரண்டு நாளில் மீண்டும் பசுமை கொள்ளும். ஓரோபெட்டியம் தோமேயம் என்னும் சிறு புல் நம் தென்னாட்டுப் பாறைகளில் வாழ்வது. ஓரிரு அங்குலமே வளர்வது. கால்படும் இடத்தில் இருந்தும் கண்ணில் படாத அந்தப் புல்லின் மரபுக் குறிப்பு முழுவதையும் அறிவியலார் 2015-ஆம் ஆண்டில் படித்து வெளியிட்டனர்.

சமவெளியில் தனித்து நிற்கும் இத்தகைய பாறைக் குன்றுகளுக்கு ஜெர்மன் நாட்டு நிலவியலார் வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட் 1900-ஆம் ஆண்டில் 'இன்செல்பர்க்' என்று பெயரிட்டார். தீவு மலை என்பது அதன் பொருள். கிழக்கு ஆப்பிரிக்காவின் பரந்த வெளியில் கடலிடைத் தீவுகள் போல் நின்ற குன்றுகளைக் கண்டு அவர் இட்ட பெயர் அது. அப்பெயரில் தோற்றப் பொருத்தம் மட்டுமன்றி உயிர்ப் பொருத்தமும் உண்டு. தீவுக்குக் கடல் எல்லையாவது போலப் பாறைச் செடிக்கு ஆழ்ந்த மண் எல்லை. மண்ணுள்ள இடத்தில் பெரிய செடிகள் அதனை நெருக்கி ஒழித்துவிடும். ஆகவே அது தன் குன்றை விட்டு இறங்க இயலாது. அடுத்த குன்றோ பல காதம் தொலைவு. தீவில் வாழும் நமக்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்தமான் நிகோபார்த் தீவுகளில் வளரும் தாவரங்களுள் இருநூறுக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. தனித்திருத்தல் ஒருபால் வறுமை. மறுபால் அது வேறெங்கும் காணாத செல்வத்தை ஈன்றெடுக்கும் தாய்.

நம் தீவுகளிலும் பாறையின் கதை தொடர்கிறது. பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகளைக் காணச் செல்வோர் குகையினுள் தொங்கும் கல்விழுதுகளை வியக்கின்றனர். குகைக்கு வெளியே பாறைப் பிளவில் வேர்விட்டு நிற்கும் மரங்களையும் பெரணிகளையும் நோக்குவோர் சிலரே. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் நம் நகரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வடகிழக்கே ஓர் எரிமலைத் தீவு உள்ளது. அதன் பெயர் பாரன் தீவு. 'பாரன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கே தரிசு, மலடு என்பதுதான் பொருள். 1787-இல் அது தீ உமிழ்ந்தமை பதிவாகியுள்ளது. நெடுங்காலம் அடங்கியிருந்து 1991-இல் மீண்டும் பொங்கியது. அதன் பின்னரும் பன்முறை பொங்கியுள்ளது. அத்தகைய தீவிலும் பழைய எரிமலைச் சுவரின் வெளிச்சரிவுகளில் மரங்கள் பசுமையாய் நிற்கின்றன. மலடு என்று பெயரிட்டவன் கப்பலிலிருந்து பார்த்தவன் போலும். கல்லாங்குத்து என்று எழுதியவனும் வரப்பிலிருந்து பார்த்தவனே.

பாறைமேல் உயிர் குடியேறும் முறையை உலகம் ஒருமுறை கண்ணெதிரே கண்டது. 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுந்தா நீரிணையிலுள்ள கிராகடோவா எரிமலை வெடித்தது. எஞ்சிய தீவு சாம்பலால் மூடப்பட்டது. மறு ஆண்டில் அங்கே சென்றவர்கள் கண்ட உயிர் ஒரே ஒரு சிலந்தி. 1886-இல் தாவரவியலார் டிரூப் சென்றபோது சாம்பலின்மீது நீலப்பச்சைப் பாசியின் படலத்தையும், அதன்மேல் முளைத்த பெரணிகளையும் கண்டார். முதலில் பாசி, பின்னர் பெரணி, பின்னர் புல், அதன் பின்னரே மரம். இன்று நாம் காடு என்று போற்றுவதற்கெல்லாம் கால்கோள் இட்டது, நாம் அழுக்கு என்று இகழ்ந்த அந்தக் கரிய படலம்தான்.

இனி, நம் முன்னோர் இதுபற்றி எவ்வாறு எண்ணினர் என்பதைக் காண்போம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிக் கூறுகிறார். தலைவியும் தோழியும் அம்மலர்களைப் பறித்துக் குவித்த இடம் மழை கழுவிய அகன்ற பாறை. தமிழ் இலக்கியத்தின் மிகப் பெரிய மலர்ப் பட்டியல் பாறையின் மேல்தான் வைக்கப்பட்டிருக்கிறது. சிவாலயங்களில் தென்முகம் நோக்கி அமர்ந்த இறைவன் மௌனத்தால் அறமுரைத்தது கல்லால மரத்தின் நிழலில். கல்லிடுக்கில் வேரூன்றும் ஆல்வகை அது என்பதைப் பெயரே உணர்த்தும். வளமிக்க சோலை மரத்தை விடுத்து, கல்லில் நின்ற மரத்தை ஞானத்தின் இருப்பிடமாக நம் மரபு கொண்டது எண்ணத்தக்கது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியர் உயிர் வரிசையில் சேர்த்தார். அவர் விளையும் புல், விளையாப் புல் எனப் பிரித்துக் கணக்கெழுதவில்லை.

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் கருத வேண்டும். பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குப் பாரி தேரை ஈந்தான். பயிர் வாடக் கண்டு வள்ளலார் உள்ளம் நொந்தார். இவை இரண்டும் துன்புறும் உயிருக்குச் சுரந்த கருணை. பாறைப் புல்லோ நம்மிடம் தேரும் கேளாது, நீரும் கேளாது. வாடும், தானே தழைக்கும். அதற்கு நாம் செய்ய வேண்டிய உதவி எதுவும் இல்லை. செய்யாதிருக்க வேண்டியதே உள்ளது. கொடுப்பதில் உள்ள மகிழ்ச்சி விட்டுவைப்பதில் இல்லை. அதனைப் பாடப் புலவரும் இல்லை. ஆகவே ஈகையினும் கடினமான அறம் இது என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்வுயிர்களைக் காக்க வேண்டும் என்போர் பலர் கூறும் காரணம் பயன். உயிர்த்தெழும் புல்லின் இரகசியம் தெரிந்தால் வறட்சியைத் தாங்கும் நெல்லை உருவாக்கலாம் என்கின்றனர். நல்லதே, அவ்வாறு நிகழுமாயின் உழவர் குடி உயரும். ஆயினும் இக்காரணத்தின்மீது மட்டும் அறத்தைக் கட்டினால் அது மணல்மேல் கட்டிய வீடாகிவிடும். பயன் தெரிந்த ஒரு புல்லுக்குக் காவல், பயன் தெரியாத நூறு பூண்டுக்குக் கோடரி என்றாகும். 2015-இல் அறிவியலார் படித்த பிறகுதான் அப்புல்லுக்கு மதிப்பு உண்டாயிற்று என்போமா? அதற்கு முன் எத்தனையோ ஆயிரம் கோடைகளை அது வென்று வந்ததே, அப்போது அது மதிப்பற்றதாகவா இருந்தது? மாறியது புல்லின் மதிப்பன்று, நம் அறிவே. நம் அறியாமையை மற்றோர் உயிரின் குறையாக எழுதிவைத்தல் நேர்மையான கணக்கு ஆகாது.

இங்கே மற்றொரு வாதம் எழும். அதுவே நாம் மிகவும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது. "வெயிலைத் தாங்குகிறது, வறட்சியைத் தாங்குகிறது, மண்ணில்லாமலே வாழ்கிறது, இத்தகைய செடிக்கு என்ன கேடு வந்துவிடும்? எங்கேனும் முளைத்துக்கொள்ளும்" என்பது அவ்வாதம். கேட்பதற்குப் பாராட்டுப் போல் தோன்றும். உண்மையில் இதனினும் கொடிய வாதம் வேறில்லை. பாறைச் செடி வறட்சியைத் தாங்கும், பெயர்த்தலைத் தாங்காது. அது நிற்கும் விரற்கடை மண் பாசியும் காற்றும் மழையும் பல தலைமுறைக் காலம் சேர்த்த சேமிப்பு. ஒரு வெடி அதனை ஒரு கணத்தில் கரைத்துவிடும். காட்டில் மரம் வீழ்ந்தால் மண் எஞ்சும். மண்ணில் விதை எஞ்சும். பாறை உடைந்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. தாங்கும் ஆற்றல் வேறு. மீளும் ஆற்றல் வேறு. குறைவானவற்றைக் கொண்டு வாழ்வதாலேயே அந்தக் குறைவானவற்றுள் எதனையும் இழக்க இயலாத நிலையில் அது இருக்கிறது. செல்வரிடமிருந்து ஒரு பிடி எடுத்தால் அது குறை. இல்லாதவரிடமிருந்து அதே ஒரு பிடியை எடுத்தால் அது அழிவு.

இந்த வாதம் செடிகளோடு நிற்பதன்று. நம் மக்களிடமும் இது கூறப்பட்டது. இலங்கையின் மலைநாட்டில் தேயிலை விளைத்த தமிழர் எதையும் தாங்குவர் என்று எண்ணியே தலைமுறை தலைமுறையாக அவர்களை ஒற்றை அறை லயன்களில் வைத்தனர். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களுள் பெரும்பாலோர் குடியுரிமையும் இழந்தனர். 1964-இல் ஏற்பட்ட சிரிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கப்பலேறித் தாயகம் திரும்பியோருள் சில குடும்பங்கள் கச்சல் தீவின் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் வழிவந்தோர் இம்மலரைப் படிப்போரிடையேயும் இருக்கக்கூடும். பொறுமை அவர்களுடைய பெருமை, ஐயமில்லை. ஆனால் ஒருவரது பொறுமையைக் காட்டி அவருக்குரியதைக் குறைப்பது பிறர் சிறுமை. பாறையில் பூத்த மலரைப் பாருங்கள், அதுபோல் நீங்களும் வாழுங்கள் என்று ஏழைக்கு உபதேசிப்பவன், தான் சோலையில் அமர்ந்திருப்பதை மறந்தவன். பாறை மலரிடமிருந்து பெற வேண்டிய பாடம் இல்லாதவர்க்கு உரியதன்று, இருப்பவர்க்கு உரியது. சிறிதில் வாழும் உயிரிடத்தில் அந்தச் சிறிதையேனும் விட்டுவைக்க வேண்டும் என்பதே அப்பாடம்.

அப்படியாயின் கல்லே எடுக்கக் கூடாதா என்று கேட்கலாம். வீடு வேண்டும், சாலை வேண்டும், படகுத்துறை வேண்டும். கடற்கரை மணலை அள்ளுவதைக் குறைத்து நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில் இத்தீவுகளுக்கு ஆணையிட்டது. கரையைக் காக்க அது தக்கதே. மணலுக்கு மாற்றாகக் கல்லை அரைத்துப் பயன்படுத்துகிறோம். ஓரிடத்துக் காவல் மற்றோரிடத்துச் சுமையாவது உலகியல்பு. என் வீட்டுச் சுவரிலும் உடைத்த கல்தான் இருக்கிறது. ஆகவே தூய்மை பேசுவது எளிது. கைக்கொள்ளத்தக்க நெறி யாது என்பதே வினா.

மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். எடுப்பதை மீண்டும் உண்டாக்க இயலுமா? இங்கே அழிவது வேறெங்கேனும் வாழ்கிறதா? நமக்கு வேறு வழி உண்டா? மூன்றுக்கும் விடை தெரியும்வரை கை வைக்காதிருத்தல் அறிவுடைமை. விடை தெரிய வேண்டுமாயின் முதலில் ஒருவர் சென்று பார்க்க வேண்டும். சுல்பிஸ் குர்ஸ் என்பார் இத்தீவுகளின் தாவரங்களைப் பற்றி 1870-இல் அறிக்கை எழுதினார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் வட்டார நிலையம் 1972-இல் இங்கே நிறுவப்பட்டது. தமிழகத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் மாத்யூ அடிகளார் சமவெளிகளிலும் குன்றுகளிலும் அலைந்து தொகுத்த தாவர நூல் 1980-களில் பல தொகுதிகளாக வெளிவந்தது. தரிசு என்று எழுதிய இடத்தில் இவர்கள் உயிர்களின் பெயர்களை எழுதினர். பெயர் சொல்லி அழைப்பது மதிப்பின் முதற்படி அன்றோ?

இந்நெறி ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி சான்று. மேலூர் வட்டத்தில் குன்றுகள் சூழ்ந்த சிற்றூர் அது. தமிழிக் கல்வெட்டும், சமணர் படுகையும், பாண்டியர் காலக் குடைவரையும் அங்கே உள்ளன. வல்லூறுகள் அப்பாறைகளில் கூடு கட்டுகின்றன. 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 எக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் இவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுவே. இரண்டாண்டு கழித்து, அப்பகுதியையும் உட்கொண்ட பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க ஏலம் விடப்பட்டது. ஊர் மக்கள் எதிர்த்தனர்; சட்டமன்றம் 2024 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது; 2025 ஜனவரியில் மேலூர் வட்டார மக்கள் மதுரைக்குப் பேரணியாகச் சென்றனர்; அம்மாதத்திலேயே மைய அரசு அந்த ஏலத்தை நீக்கியது. அங்கே நடந்து சென்றவர் உழவர்கள். அக்குன்றில் வழியும் மழைநீர்தான் தங்கள் ஏரிகளை நிரப்புகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கணக்கில் விளையாத நிலம் எத்தனை விளைநிலங்களுக்குத் தாய் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

நாம் இத்தீவுகளில் செய்யக்கூடியது சிறிதாயினும் உண்டு. ஆங்கிலேயரின் பழைய தலைமையிடமான ராஸ் தீவு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படுகிறது. 1942-இல் அவர்கள் நீங்கிய பின் பறவைகள் இட்ட விதையிலிருந்து முளைத்த ஆல் அத்தி மரங்கள் மாளிகைச் சுவர்களைத் தழுவி நிற்பதை அங்கே காண்கிறோம். குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது, சுவரைக் கட்டியவன் கதையோடு வேரூன்றிய மரத்தின் கதையையும் சொல்லலாம். பாறையில் பெயர் செதுக்கும் கையைத் தடுக்கலாம். பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டாதே, அது அழுக்கன்று, உயிர் என்று கூறலாம். நம் அலுவலகங்களில் 'பயனற்ற நிலம்' என்று எழுத நேரும்போது, யாருக்குப் பயனற்றது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

கேட்கும் உயிருக்குக் கொடுப்பதை நம் முன்னோர் நமக்குக் கற்பித்துச் சென்றனர். கேளாத உயிருக்கு விட்டுவைப்பதை நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். கல்லின்மேல் நிற்கும் புல்லுக்கு நம் கணக்கில் ஒரு வரி இடம் கிடைக்குமாயின், நம் கணக்கும் அன்றுதான் நேராகும்.